ஏரி உடைந்ததாக வந்த செய்தி

மதுமதியின் குரல் செஞ்சிக் கடைத்தெருவில் தொடங்கி, பனமலைக்குப் போகும் சாலையில் பாதி தூரம் வரைக்கும் கேட்கும். அதற்கு மேல் வெறும் இரைச்சல்தான். சமுதாய வானொலிக்கு அவ்வளவுதான் எல்லை. வராகநதி வானொலி என்று பெயர் வைத்திருந்தார்கள். திண்டிவனம் சாலையில் ஓர் உரக்கடையின் மாடியில் மூன்று அறைகள். அதில் ஒன்றுக்குள் வெளிச்சத்தம் வராமல் பஞ்சுப் பலகை அடித்து ஒலிப்பதிவுக் கூடமாக்கியிருந்தார்கள். வார நாட்களில் காய்கறி விலை, வேளாண்மைக் குறிப்பு, பள்ளிப் பிள்ளைகளின் பாட்டு. ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் மட்டும் அரை மணி நேரம் மதுமதிக்கென்று ஒதுக்கியிருந்தது.

அந்த அரை மணியில் அவள் சொல்லிவந்தது ஊருக்கு ஒட்டாத கதை. இங்கிலாந்தில் வானொலியும் தொலைக்காட்சியும் பிறந்த கதை. பாத்திரக்கடை ராஜகோபாலின் ஒரே மகள் அவள். புதுச்சேரியில் இயற்பியல் படித்துவிட்டு, சென்னையில் ஒலிப்பதிவு வேலையில் சில ஆண்டுகள் இருந்துவிட்டுத் திரும்பியவள். நூறு வருஷத்துக்கு முன்னால் ஒருவன் பெட்டிக்குள் பேச, ஊர் முழுக்க அவனை நம்பியது எப்படி என்கிற ஆச்சரியம் அவளை விடவே இல்லை. ரேடியோ பெட்டி செய்கிற கம்பெனிகள், பெட்டி விற்க வேண்டும் என்பதற்காகவே சேர்ந்து ஒலிபரப்பை ஆரம்பித்ததைச் சொன்னாள். முதன்முதலாகத் தொலைக்காட்சியில் சரியாகத் தெரிந்த முகம் மனுஷ முகமே இல்லை, பேசும் பொம்மையின் தலை, படம் பிடிக்கப் போட்ட விளக்குகளின் சூட்டை உயிருள்ள முகம் தாங்காது என்றாள்.

கேட்பவர்கள் மிகக் குறைவு. அவர்களில் ஒருத்தி கலைவாணி. பனமலைச் சாலையை ஒட்டிய கீழேரிப்பட்டில் வீட்டோடு தையல் மிஷின் போட்டிருந்தவள். புருஷன் குருவுக்கு ஏரிக்குக் கீழே ஒன்றரை ஏக்கர் நெல். மதுமதி அவளை நேரில் பார்த்ததில்லை. ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் நிகழ்ச்சி முடிந்ததும் வானொலியின் கைப்பேசிக்கு அவளிடமிருந்து ஒரு குரல்பதிவு வந்துவிடும், பின்னால் மிஷின் ஓடுகிற சத்தத்தோடு. லண்டனில் செய்தி வாசிக்கிறவர்கள் யாரும் பார்க்காவிட்டாலும் கோட்டும் சூட்டும் போட்டுக்கொண்டுதான் வாசிக்க வேண்டும் என்று விதி இருந்ததை மதுமதி சொன்ன வாரம், கலைவாணி சிரித்துக்கொண்டே பேசியிருந்தாள்.

"ஆள் தெரியாத எடத்துலதான் ஒழுங்கா இருக்கணும் மதும்மா. பாக்காதவங்க நம்பணுமில்ல, அதுக்குத்தான்."

மதுமதிக்கு அது மிகவும் பிடித்துப்போய், அடுத்த வாரம் பெயர் சொல்லி அதை ஒலிபரப்பினாள். அதிலிருந்து கீழேரிப்பட்டில் கலைவாணிக்குத் தனி மரியாதை. ரேடியோக்காரிக்குத் தெரிஞ்சவ என்று பேர் வந்துவிட்டது.

கார்த்திகை பிறப்பதற்கு முன்னால், மதுமதி தன் கதையில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறாம் வருஷத்துக்கு வந்து சேர்ந்திருந்தாள். அந்த வருஷம் ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, எடின்பரோவிலிருந்து ஒரு பாதிரியார் வானொலியில் வேடிக்கையாகப் பொய்ச் செய்தி வாசித்தார். லண்டனில் கலவரம், கூட்டம் பாராளுமன்றத்தின் மணிக்கூண்டைத் தகர்த்துவிட்டது, மந்திரி ஒருவரை விளக்குக் கம்பத்தில் தூக்கில் போட்டார்கள் என்றெல்லாம். வேடிக்கை என்று முதலிலேயே சொல்லித்தான் தொடங்கினார்கள். இருந்தும் நடுவில் பெட்டியைத் திருகியவர்கள் நம்பிவிட்டார்கள். மறுநாள் பனியால் பல ஊர்களுக்குப் பத்திரிகை போய்ச்சேரவில்லை. பத்திரிகை வராததே லண்டன் போய்விட்டது என்பதற்குச் சாட்சியாகிவிட்டது.

இதைச் சும்மா சொன்னால் யாருக்கும் உறைக்காது என்று மதுமதிக்குத் தோன்றியது. அந்த மாதிரி ஒரு செய்தியை நம் ஊருக்கு எழுதி, நடித்துக் காட்ட வேண்டும். இங்கே எதைச் சொன்னால் ஜனங்கள் நடுங்குவார்கள் என்று யோசித்தபோது ஏரி தவிர வேறொன்றும் நினைவுக்கு வரவில்லை. கீழேரிப்பட்டு ஏரியின் கரை உடைந்துவிட்டது, தண்ணீர் ஊருக்குள் வந்துகொண்டிருக்கிறது, உயரமான இடத்துக்குப் போய்விடுங்கள் என்று எழுதினாள். அப்பாவின் கடையிலிருந்து பெரிய பித்தளை அண்டாவைக் கொண்டுவந்து, தண்ணீரைச் சரித்து ஊற்றி வெள்ளச் சத்தம் எடுத்தாள். கூக்குரலுக்கு உரக்கடைப் பையன்களையும் அவர்கள் வீட்டுப் பெண்களையும் கூப்பிட்டுக்கொண்டாள். கேட்டுப் பார்த்தபோது அவளுக்கே முதுகுத்தண்டு சில்லிட்டது. அந்தச் சில்லிப்பு அவளுக்குப் பெருமையாக இருந்தது.

கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் கமலேஷுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. ஏரிக்குப் பெயர் வைக்காமல் பொதுவாகச் சொல்லலாமே என்று இரண்டு தரம் கேட்டான். பெயர் இல்லாவிட்டால் உயிர் இல்லை என்றாள் மதுமதி. பதிவு செய்த அன்று ஏரியில் பாதித் தண்ணீர்கூட இல்லை. மாடுகள் நடுவரைக்கும் போய் மேய்ந்துகொண்டிருந்தன.

பிறகு புயல் வந்தது. மரக்காணத்துப் பக்கம் கரையேறி, நகர மாட்டேன் என்று மூன்று நாள் அங்கேயே நின்று ஊற்றியது. செஞ்சியில் ராஜகிரிக் கோட்டை மலையின் உச்சி கண்ணுக்குத் தெரியவில்லை. வராகநதி என்கிற சங்கராபரணி ஆற்றில் செங்காவியாகத் தண்ணீர் ஓடியது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மழை விட்டது. ஆனால் வெளிச்சம் வரவில்லை. நாய்கள்கூடச் சத்தம் போடாமல் கடைப் படிகளில் ஒடுங்கிக் கிடந்தன. காற்றே இல்லை.

கமலேஷ் ஈரத் தலையோடு வந்து நின்று, "இன்னைக்கு வேற எதையாச்சும் போடலாமே" என்றான்.

மதுமதி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். மழை விட்டுவிட்டது என்றாள். தொடக்கத்தில் நாடகம் என்று சொல்கிறோம், முடிவிலும் சொல்கிறோம், பிறகென்ன என்றாள். இத்தனை பாடுபட்டு எடுத்ததை ஒரு வாரம் தள்ளினால் ஆறிப்போய்விடும் என்று அவள் நினைத்ததைச் சொல்லவில்லை. கமலேஷ் பொத்தானை அழுத்தினான்.

நிகழ்ச்சி முடிந்து அரை மணிகூட ஆகியிருக்காது. கீழே தெருவில் ஒரு டிராக்டர் கண்மண் தெரியாமல் ஓடிற்று. பின்னாலேயே இரண்டு பைக், ஒவ்வொன்றிலும் நான்கு பேர். அப்புறம் ஷட்டர்கள் இழுக்கப்படும் சத்தம், ஒன்றன்பின் ஒன்றாக, கடைத்தெரு முழுக்க. ராஜகோபால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மூச்சிரைக்க மாடியேறி வந்தார். கையில் கைப்பேசி. அதில் மதுமதியின் குரல் பேசிக்கொண்டிருந்தது. யாரோ நடுவிலிருந்து ஒரு துண்டை மட்டும் வெட்டியெடுத்து அனுப்பியிருந்தார்கள். நாடகம் என்ற சொல் அதில் எங்கும் இல்லை. அண்டாத் தண்ணீர் மட்டும் பெரிதாக இரைந்தது.

"இது நீ பேசுனதுதானே?" என்றார்.

"நாடகம் நைனா."

"தெருவே ஓடுது. போய்ப் பாரு."

அவள் பால்கனிக்கு வந்தாள். செஞ்சியின் ஜனங்கள் கோட்டை மலையைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தார்கள். பிள்ளையைத் தோளில் போட்டவர்கள், ஆட்டுக்குட்டியைத் தூக்கியவர்கள், ஒரு கையில் கேஸ் அடுப்பைச் சுமந்த ஒரு பெண். யாரும் கத்தவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. அவள் பதிவில் எல்லோரும் கத்தியிருந்தார்கள். உண்மையில் ஓடுகிறவர்கள் வாயை மூடிக்கொண்டு ஓடினார்கள்.

வானொலியின் கைப்பேசி நிற்காமல் ஒலித்தது. குரல்பதிவுகள் நூற்றுக்கணக்கில் வந்து குவிந்தன. ஒன்றையும் கேட்க முடியவில்லை. ஒரு ஜீப் வந்து நின்றது. அரசாங்க அதிகாரி ஒருவர், மூன்று நாள் தூங்காத கண்களோடு மேலே வந்தார். கீழேரிப்பட்டு மொத்தமும் ஊருக்குப் பின்னாலிருக்கும் அம்மன் கோவில் பாறை மேல் ஏறி நிற்கிறது என்றார். பாறை முழுக்கப் பாசி. கிழவர்களும் கர்ப்பிணிகளும் நிற்கிறார்கள். அடுத்த மழை வருவதற்குள் இறக்கியாக வேண்டும். யார் சொல்லியும் கேட்க மாட்டேன் என்கிறார்கள், ரேடியோவில் சொன்னதை ரேடியோதான் மறுக்க வேண்டும் என்கிறார்கள்.

"நாடகம்னு சொல்லுங்க. ஏரி பத்திரமா இருக்குது, வீட்டுக்குத் திரும்பலாம்னு சொல்லுங்க" என்றார்.

"நீங்க கரையப் பாத்தீங்களா சார்?"

"காலையில ஆள் போய்ப் பாத்துட்டு வந்தாச்சு. பாறையில எவனாவது வழுக்கி விழுந்து செத்தா கேஸ் உங்க மேலதான் வரும். சீக்கிரம்."

காலையில் பார்த்ததும் இப்போது இருப்பதும் ஒன்றா என்று அவளுக்குள் ஏதோ கேட்டது. இங்கிலாந்தில் ஒரு புனித வெள்ளியன்று வானொலியில் செய்தி வாசிக்க வந்தவர், இன்றைக்குச் செய்தி எதுவும் இல்லை என்று ஒரே வரியைச் சொல்ல, மீதி நேரத்துக்குப் பியானோ வாசிக்க விட்டார்கள். தெரியாததைத் தெரியாது என்று விட்டுவிடலாம். நான் சொன்னது நாடகம், ஏரியைப் பற்றி எனக்குத் தெரியாது, போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று பேசலாம். கரைக்குப் போய்வர ஒரு மணி நேரம் பிடிக்கும். ஆனால் அவளுக்கு வெட்கமாக இருந்தது. அவமானத்தை உடனே துடைத்துவிட வேண்டும் என்று தவித்தாள். கமலேஷ் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மைக்கைத் திறந்தாள். தான் மதுமதி என்றும், பிற்பகலில் கேட்டது தான் எழுதிய நாடகம் என்றும் சொன்னாள். மன்னிப்புக் கேட்டாள். அதோடு நிறுத்தவில்லை. "கீழேரிப்பட்டு ஏரி பத்திரமாக இருக்கிறது. கரைக்கு எந்த ஆபத்தும் இல்லை. எல்லோரும் தைரியமாக வீட்டுக்குத் திரும்புங்கள்" என்றாள். குரல் திடமாக வந்தது. அன்று வரைக்கும் அவள் பேசியதிலேயே அதுதான் மிகவும் நம்பும்படியாக இருந்தது என்று கமலேஷ் பிற்பாடு சொன்னான்.

திரும்பத் திரும்ப அதையே ஒலிபரப்பினார்கள். தெரு மெதுவாகத் திரும்பி வந்தது. ராஜகோபால் ஷட்டரைப் பாதி தூக்கினார். அதிகாரி நன்றி சொல்லிவிட்டுப் போனார். மதுமதி தண்ணீர் குடித்துவிட்டு, குவிந்து கிடந்த குரல்பதிவுகளைக் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கினாள். வசவுகள், அழுகைகள், சும்மா மூச்சுவிடும் சத்தங்கள். அதற்கிடையில் கலைவாணி. இந்த முறை மிஷின் சத்தம் இல்லை. வழியில் நடந்துகொண்டே பேசியிருந்தாள். பின்னால் யாரோ பெண்கள் வாக்குவாதம் செய்தார்கள்.

"மதும்மா, நாந்தான். நான் மொதல்லயே சொன்னேன் நாடகம்னு, ஒருத்தரும் கேக்கல. இப்ப நீ சொன்னப்புறமும் பாதிப் பேரு எறங்க மாட்டேன்றாங்க. அந்தப் பொண்ணு பாக்காத ஒன்னச் சொல்லாதுன்னு நான் சொல்லி, வந்தவங்களக் கூட்டிக்கினு போறேன். நீ கவலப்படாத."

பதிவு முடிந்ததும் மதுமதி எழுந்து நின்றுவிட்டாள். செருப்பைத் தேடாமல் படியிறங்கி, கமலேஷின் பைக்கை எடுக்கச் சொன்னாள். போகும் வழியில் கலைவாணியின் எண்ணுக்கு அடித்துக்கொண்டே போனாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. பனமலைச் சாலையில் பாதி தூரம் போயிருப்பார்கள். அந்தி மங்கிக்கொண்டிருந்தது. கமலேஷ் திடீரென்று பிரேக் போட்டான். எதிரே சாலை இல்லை. சாலை இருந்த இடத்தில் வைக்கோலும் வேலி முள்ளும் சுழன்றபடி தண்ணீர் குறுக்கே போய்க்கொண்டிருந்தது. அண்டாவிலிருந்து ஊற்றிய சத்தத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இது சத்தமே இல்லாமல், ஒரு பெரிய மிருகம் உடம்பைத் தரையில் இழுத்துக்கொண்டு போவது போல் போயிற்று. தூரத்தில் பாறையின் மேல் டார்ச் வெளிச்சங்கள் அசைந்தன. கீழே ஊர் இருந்த பக்கத்தில் ஒரு வெளிச்சமும் இல்லை.

கலைவாணியை இரண்டு நாள் கழித்துக் கருவேலங்காட்டில் கண்டெடுத்தார்கள். அவளை நம்பிக் கூட இறங்கிய பக்கத்து வீட்டு அம்மாக்கண்ணுவை அதற்கும் மறுநாள். மற்றவர்கள் கூரை மேல் ஏறித் தப்பித்திருந்தார்கள். பாறையை விட்டு இறங்காத பாதி ஊருக்கு ஒரு கீறலும் இல்லை. கலைவாணியின் புருஷன் குரு பாறைமேல்தான் இருந்தான். மாட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் வருகிறேன் என்று சொல்லியிருந்தானாம்.

மதுமதி சாப்பிடாமல் கிடந்தாள். தன்னைத் தேடிக்கொண்டு போலீஸ் வரும், ஊர் வரும், வானொலியை அடித்து நொறுக்கும் என்று காத்திருந்தாள். வந்தவர்கள் தேங்காய் பழத்தோடு வந்தார்கள். பாறையிலிருந்து இறங்காதவர்கள். அவர்கள் கைப்பேசிகளில் அந்த வெட்டியெடுத்த துண்டு பத்திரமாக இருந்தது. ஏரி உடைவதற்கு முன்னாலேயே உடைந்ததைச் சொன்ன குரல். அது அடுத்த மாவட்டம் வரைக்கும் போயிருந்தது. அவள் பின்னால் பேசிய மறுப்பை யாரும் யாருக்கும் அனுப்பவில்லை. அது அந்த நேரத்துக் காற்றோடு போய்விட்டது.

அவள் அவர்களிடம் சொல்லிப் பார்த்தாள். அது பொய், நான் கற்பனையாக எழுதியது, இரண்டாவது சொன்னதும் பார்க்காமல் சொன்னது, அதனால்தான் கலைவாணி செத்தாள் என்று அழுதபடி சொன்னாள். காத்தாயி என்ற கிழவி அவள் தலையில் கை வைத்தாள்.

"நீ எழுதல தாயீ. உன்ன எழுத வெச்சா பாறை மேல இருக்கறவ."

"அப்ப ரெண்டாவதா பேசுனது யாரு?" என்றாள் மதுமதி.

கிழவியும் மற்றவர்களும் குங்குமத்தை வைத்துவிட்டுப் போனார்கள். அதே அதிகாரி பாராட்டுச் சான்றிதழுக்கு அவள் பெயரை எழுதி அனுப்பியிருப்பதாகத் தகவல் வந்தது. அவருக்கும் அந்தக் கதைதான் சௌகரியமாக இருந்தது. அவள் மறுத்து எழுதினாள். அடக்கம் என்று பேசிக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு வந்த குரல்பதிவுகள் வேறு மாதிரி இருந்தன. எங்கள் ஏரி தாங்குமா என்று தளவானூரிலிருந்து ஒருவர் கேட்டார். துபாய்க்குப் போன மகனிடமிருந்து போன் இல்லை, உயிரோடு இருக்கிறானா என்று ஒரு தாய் கேட்டாள். மதுமதி பேசுவதை நிறுத்திவிட்டாள். கமலேஷ் காய்கறி விலை வாசித்தான். அவள் ஏன் பேசவில்லை, எதை மறைக்கிறாள் என்று ஊர் கேட்டது. அவளுடைய மௌனத்துக்கும் அர்த்தம் தேடினார்கள். ஒரு வாரம் அவள் பேசாததைப் பார்த்து இரண்டு குடும்பங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு திருவண்ணாமலைக்குப் போய்விட்டன.

மார்கழியில் கடலில் மறுபடியும் ஒரு புயல் சின்னம் உருவானது. காலையிலிருந்தே உரக்கடை வாசலில் கூட்டம் சேர்ந்தது. யாரும் சத்தம் போடவில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு மாடியைப் பார்த்து நின்றார்கள். மத்தியானத்துக்குள் திண்டிவனம் சாலையில் பஸ் போக வழியில்லாமல் போயிற்று. ராஜகோபால் மகளைப் பின்பக்கமாக வீட்டுக்கு அழைத்துப்போக வந்தார். படியிலேயே அவர் நின்றுவிட்டார். மேலே, ஒலிப்பதிவுக் கூடத்தின் கதவுக்குப் பக்கத்தில் குரு உட்கார்ந்திருந்தான். மொட்டையடித்த தலையில் முடி குத்திட்டு வளர்ந்திருந்தது.

மதுமதி அவன் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். அவன்தான் முதலில் வாயைத் திறந்தான். வசவை எதிர்பார்த்துத்தான் அவள் தலையைக் குனிந்திருந்தாள்.

"அவ உன்ன நம்பிச் செத்தா. இவங்க உன்ன நம்பிப் பொழைச்சுட்டாங்க. ரெண்டும் நீ பாக்காம சொன்னதுதான்" என்றான். "இன்னைக்கி இன்னா சொல்லப் போற?"

"எனக்கு ஒன்னும் தெரியாதுண்ணா."

"அதச் சொல்லு. நான் கேக்கறேன்."

அவள் உள்ளே போனாள். கமலேஷ் தலையை ஆட்டினான். சிவப்பு விளக்கு எரிந்தது. ஜன்னலுக்கு வெளியே அத்தனை பேரும் கைப்பேசியைக் காதுக்கு உயர்த்துவது தெரிந்தது. வணக்கம் என்றாள். அந்தச் சொல்லுக்கே கீழே ஒரு அசைவு ஓடியது. புயல் எங்கே இருக்கிறதென்று வானிலைத் துறை சொன்னதை அப்படியே வாசித்தாள். ஏரிகளைப் பற்றித் தனக்கு எதுவும் தெரியாது என்றாள். தான் எந்த ஏரியையும் பார்க்கவில்லை. உடையும் என்றும் தெரியாது, உடையாது என்றும் தெரியாது. தன்னைக் கேட்க வேண்டாம், உங்கள் ஊர்க் கரையை நீங்களே போய்ப் பாருங்கள் என்றாள். ஒவ்வொரு சொல்லையும் தெளிவாக, நிதானமாகச் சொன்னாள்.

மைக்கை மூடிவிட்டு ஜன்னலுக்கு வந்தாள். கூட்டத்தில் யாரோ ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் என்ன சொன்னாள் என்று கேட்டது போலிருந்தது. அவர் இன்னொருவரிடம் திரும்பினார். தெரியாதுன்னு சொல்லிட்டா என்ற வார்த்தை கடைசி வரிசை வரைக்கும் போய்ச் சேர்வதை அவளால் பார்க்க முடிந்தது. ஒரு நிமிஷம் யாரும் நகரவில்லை. பிறகு ஓரத்தில் நின்ற ஒரு பெண் குடையை அப்படியே கீழே போட்டுவிட்டு, பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, கோட்டை மலையைப் பார்த்து ஓடத் தொடங்கினாள். அவளைப் பார்த்து இன்னும் இரண்டு பேர். அப்புறம் தெரு முழுக்க, வாயைத் திறக்காமல்.

குரு எழுந்து அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்றான். ஓடுகிறவர்களைப் பார்த்தான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, நான் போய்க் கரையப் பாக்கறேன் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினான். கூட்டத்துக்கு எதிர்ப்பக்கமாக, பனமலைச் சாலையில், அவன் ஒருவன் மட்டும் நடந்து போனான்.